துணி காய்ந்த வெளிகளும் காற்றுக் குழாய்களும்

மதராசுக்கு வந்த கிழக்கிந்தியக் கும்பினிக்கு நெசவாளருக்கு அடுத்தபடியாகத் தேவைப்பட்டவர்கள் வண்ணார்கள். 1639இல் பிரான்சிஸ் டே இந்தக் கரையைத் தேர்ந்தெடுத்ததற்கு இங்கே மலிவாகக் கிடைத்த பருத்தித் துணி ஒரு முக்கியக் காரணம். ஆனால் தறியிலிருந்து அறுத்தெடுத்த கோராத் துணி பழுப்பேறி, பாவுக்குப் போட்ட கஞ்சியோடு இருக்கும். கடல் கடந்து விற்க அது வெளுத்தாக வேண்டும். உவர்மண் கரைசலில் ஊறவைத்து, வெள்ளாவியில் அவித்து, கல்லில் அடித்து அலசி, வெயிலில் விரித்து, காயக் காயத் தண்ணீர் தெளித்து, மறுபடியும் அவித்து எனப் பல நாள் இழுக்கும் வேலை அது. வடக்கே வண்ணாரப்பேட்டை உருவானது இந்த வேலையால்தான். 1734இல் ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில் கூவம் வளைந்து ஓடும் இடத்தில் சிந்தாதிரிப்பேட்டை அமைக்கப்பட்டபோது, நூற்பவர், நெய்பவர், துணியில் சாயம் எழுதுபவர் ஆகியோரோடு வெளுப்பவர்களும் அங்கே குடியேற்றப்பட்டார்கள்.

இந்தத் தொழிலின் வரலாற்றை எழுதியவர்கள் தண்ணீரைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறார்கள். ஆறு எது, துறை எது, கல் யாருக்குச் சொந்தம் என்பதெல்லாம் பதிவாகியிருக்கிறது. உலர்த்துவதைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு. அதற்குத் தேவைப்பட்டது நிலம், வெயில், கடற்காற்று. மூன்றும் கணக்கில் ஏறாமலே கிடைத்தன. ஒரு பீஸ் லாங்கிளாத் முப்பது கஜத்துக்கும் மேல் நீளம் கொண்டது. நூறு பீஸ்களை ஒரே நாளில் விரித்துப் போட எவ்வளவு தரை வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்த்தால், அந்தத் தொழிலின் மிகப் பெரிய கருவி கல்லோ பானையோ அல்ல, துணி விரித்த வெளிதான் என்பது விளங்கும். அந்த வெளி நகரத்திலிருந்து மெல்ல மெல்ல மறைந்ததும், அதன் வேலையைத் தகரக் குழாய் ஒன்று ஏற்றுக்கொண்டதும்தான் இங்கே சொல்ல வேண்டிய கதை.

பருவமும் இந்த வேலையைக் கட்டிப்போட்டது. அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். அப்போது மதராசுக்குத் துறைமுகம் கிடையாது. திறந்த கடலில் நங்கூரம் போட்ட கப்பல்கள் புயலுக்கு அஞ்சி இந்தக் கரையை விட்டு விலகிவிடும். மழைக்கு முன் காயாத துணி கப்பலுக்கும் தப்பிவிடும். சென்னையின் ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் துவைத்த துணியை எங்கே காயவைப்பது என்ற கேள்வி கும்பினி காலத்திலிருந்து இன்றுவரை இந்த ஊரை விடவில்லை.

வெள்ளாவியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அடுப்பின் மேல் தண்ணீர்ப் பானை, அதன் வாயைச் சுற்றி உவர்மண்ணில் தோய்த்த துணி அடுக்கு, கீழே விறகுத் தீ. கொதிநீரின் ஆவி துணி அடுக்கின் இடைவெளிகளில் புகுந்து மேலேறிப் போகும். அடுக்கை நெருக்கமாக வைத்தால் ஆவி ஏறாது. தளர்த்தி வைத்தால் ஒரு பக்கமாகப் பாய்ந்து மற்ற பக்கத்தை விட்டுவிடும். சூடான, ஈரமான காற்றுக்கு உள்ளே வர ஒரு வழி, வெளியேற ஒரு வழி வைத்து வேலை வாங்கும் அறிவு அந்த அடுக்குமுறையில் இருந்தது. பள்ளிக்கூடம் பார்க்காதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட சமூகத்தின் கையில் அது இருந்தது. ஊருக்கே வெளுத்தவர்களுக்கு ஊர் தந்த இடம் கீழ்ப்படிதான்; தலித் மக்களுக்குத் துவைத்த புதிரை வண்ணார்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. சேங்கொட்டைச் சாறால் துணியின் மூலையில் வண்ணார்கள் இட்ட குறிகள் எத்தனை துவைப்புக்கும் அழியாதவை. எந்த வீட்டுத் துணி எது என்பதை ஏட்டின் உதவியில்லாமல் நினைவில் வைத்திருந்தார்கள்.

நகரின் தென்பகுதி வேறு மாதிரி வளர்ந்தது. கோட்டையின் நெரிசலிலிருந்து விலகி வந்த கும்பினி அதிகாரிகள் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தப் பக்கம் தோட்ட வீடுகள் கட்டிக்கொண்டார்கள். ஆழ்வார்பேட்டையின் நடுவே ஓடும் டிடிகே சாலைக்குப் பழைய பெயர் மௌப்ரேஸ் ரோடு. அடையாற்றங்கரையில் ஜார்ஜ் மௌப்ரே கட்டிய தோட்ட மாளிகைக்கு இட்டுச் சென்ற சாலை அது. அந்த மாளிகை 1890இல் அடையாறு கிளப்பிடம் சென்றது. 1963இல் அந்த கிளப் மெட்ராஸ் கிளப்போடு இணைந்தது. பின்னாளில் வக்கீல்களும் நீதிபதிகளும் இந்தத் தோட்டங்களுக்குக் குடிவந்தார்கள். எல்டாம்ஸ் சாலையில் சி.பி. ராமசாமி அய்யரின் ‘தி குரோவ்’ அப்படிப்பட்ட ஒரு வளாகம். இத்தகைய வீடுகளில் துணி உலர்த்துவது ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை. வீட்டுக்குப் பின்னால் ஏக்கர் கணக்கில் இடமிருந்தது. இல்லாவிட்டால் துணிமூட்டை சைதாப்பேட்டைத் துறைக்கோ அடையாற்றின் வேறொரு கரைக்கோ போய் வாரம் கழித்து மடிப்போடு திரும்பும். பெசன்ட் நகர் போகும் வழியில் வண்ணாந்துறை என்ற பேருந்து நிறுத்தம் இன்றும் இருக்கிறது.

தோட்டங்கள் மனைகளாகின. 1920களில் மாம்பலத்தை ஒட்டிய நீண்ட ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை எழுப்பினார்கள். ஏரியோடு அதன் கரையும் போயிற்று. ஆழ்வார்பேட்டையில் தோட்ட வீடு இருந்த இடத்தில் முதலில் நான்கு பங்களாக்கள் வந்தன. பிறகு ஒவ்வொரு பங்களாவின் இடத்திலும் அடுக்ககம் வந்தது.

இங்கிலாந்தில் இந்த நெருக்கடி நூறாண்டு முந்தியே வந்துவிட்டது. 1832இல் லிவர்பூலைக் காலரா தாக்கியபோது கிட்டி வில்கின்சன் என்ற ஏழைப் பெண் தன் வீட்டுச் சமையலறைக் கொதிகலனை அக்கம்பக்கத்தாருக்குத் திறந்துவிட்டார். நோயாளிகளின் துணிகளை அவித்துத் துவைக்க வழி செய்தார். அந்த முயற்சியின் தொடர்ச்சியாக 1842இல் பிரெடெரிக் தெருவில் பொதுச் சலவைக்கூடம் திறக்கப்பட்டது. 1846இல் அதற்கென்று ஒரு சட்டமே வந்தது. அந்தக் கூடங்களில் துவைக்கும் தொட்டிகளுக்கு அருகே வெந்நீரோ சூடான காற்றோ ஓடும் உலர்த்தும் அறைகள் இருந்தன. தண்டவாளத்தில் இழுத்து வெளியே எடுக்கும் சட்டங்களில் துணியைத் தொங்கவிட்டு உள்ளே தள்ளுவார்கள். புகை மண்டிய, வெயிலில்லாத தொழில் நகரத்தில் வெளிக்கு மாற்றாக அறையைக் கொண்டுவந்தார்கள். அறை என்று வந்ததுமே ஈரக் காற்றை எப்படி வெளியேற்றுவது என்ற கேள்வியும் கூடவே வந்துவிட்டது.

இயந்திரத்தின் கதை இதற்கும் முந்தியது. 1799 வாக்கில் பிரான்சில் போஷோன் என்பவர் துளையிட்ட உருளையில் துணியைப் போட்டு நெருப்பின் மேல் கையால் சுழற்றும் கருவியைச் செய்தார். துணி கருகியது, புகை நாற்றம் ஏறியது. 1892இல் அமெரிக்கக் கறுப்பினத்தவரான ஜார்ஜ் டி. சாம்ப்சன், அடுப்பின் வெப்பத்தைப் பயன்படுத்தும் சட்டக உலர்த்திக்குக் காப்புரிமை பெற்றார். வட டகோட்டாவின் கடுங்குளிரில் துணி காயவைக்கத் தாய் படும் பாட்டைப் பார்த்து வளர்ந்த ஜே. ராஸ் மூரின் வடிவமைப்பை ஹாமில்டன் நிறுவனம் வாங்கி 1938இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகு உருளை, வெப்பம், விசிறி என்ற மூன்றும் மாறவில்லை. விசிறி தள்ளும் காற்று போகும் வழிதான் ஒவ்வொரு கட்டடத்திலும் புதிதாகச் சிந்திக்க வேண்டியதாக நின்றுவிட்டது.

சென்னையில் இதற்கிடையே வேறொரு ஏற்பாடு இருந்தது. சேத்துப்பட்டில் மெக்நிக்கல்ஸ் சாலையருகே நூறாண்டைக் கடந்த தோபிகானா இன்னும் இயங்குகிறது. வரிசையாகத் தொட்டிகள், கற்கள், அவற்றுக்கு அப்பால் கயிறுகள். துணிக் கயிறு என்றால் ஒற்றைக் கயிறு அல்ல, முறுக்கிய இரட்டைக் கயிறு. முறுக்கின் இடையே துணியின் நுனியைச் செருகிவிடுவார்கள். கிளிப் தேவையில்லை, எவ்வளவு காற்றடித்தாலும் விழாது. இதே கயிற்றை ஃபோர்ட் கொச்சியிலும் பார்க்கலாம். டச்சுக்காரர்கள் தம் படையின் சீருடைகளை வெளுக்க அங்கே கொண்டுபோன தமிழ் வண்ணார்களின் வழிவந்தவர்களுக்கு 1976இல் கொச்சி வளர்ச்சிக் குழுமம் துவைக்கும் கூடம் கட்டிக் கொடுத்தது. சிங்கப்பூரின் தோபிகாட்டில் பிராஸ் பாசா ஓடைக்கரைப் புல்வெளியில் துணி விரித்தவர்களிலும் மதராசிலிருந்து போனவர்கள் இருந்தார்கள். இப்போது அங்கே சுரங்க ரயில் நிலையம்.

இங்கே பெரிய உலர்த்தும் இயந்திரங்களுக்கு வேலை பெருகியது நட்சத்திர ஹோட்டல்களோடு. 1974இல் நுங்கம்பாக்கத்தில் தாஜ் கோரமண்டல், 1975இல் ஆழ்வார்பேட்டையை ஒட்டிய கதீட்ரல் சாலையில் ஐடிசியின் முதல் ஹோட்டலான சோழா, அதற்குச் சில ஆண்டுகள் கழித்து டிடிகே சாலையிலேயே அடையாறு கேட் ஹோட்டல். 1983இல் கிரீம்ஸ் சாலையில் அப்போலோ மருத்துவமனை. நாள்தோறும் படுக்கை விரிப்பை மாற்றும் இடங்கள் இவை. மழை பெய்கிறது, நாளைக்குத் தருகிறேன் என்று விருந்தினரிடம் சொல்ல முடியாது. அதன் பின்னால் வந்த சிறு மருத்துவமனைகள், சர்வீஸ் அபார்ட்மென்ட்கள், அழகு நிலையங்கள், உடற்பயிற்சிக்கூடங்கள் ஆகியவற்றுக்கும் அதே தேவை இருக்கிறது. பெரிய ஹோட்டலில் கொதிகலனும் அடித்தளமும் பொறியாளரும் இருப்பார்கள். ஒரு கிரவுண்டு மனையில் நிற்கும் ஆழ்வார்பேட்டைக் கட்டடத்தில் டிரையருக்குக் கிடைப்பது படிக்கட்டின் கீழோ கார் நிறுத்தத்தின் மூலையிலோ ஓர் அறை.

அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்பதை எண்களில் பார்த்தால்தான் பழைய வெளியின் மதிப்பு தெரியும். 50 கிலோ பருத்தி விரிப்புகளை ‘ஹைட்ரோ’ என்னும் பிழியும் இயந்திரத்தில் பிழிந்த பிறகும் ஏறக்குறைய 25 லிட்டர் தண்ணீர் அவற்றில் தங்கியிருக்கும். ஒரு லிட்டரை ஆவியாக்க சுமார் 2,400 கிலோஜூல், அதாவது மூன்றில் இரண்டு யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். 25 லிட்டருக்கு, எந்த இழப்பும் இல்லை என்று வைத்துக்கொண்டாலும், 17 யூனிட். வெயில் இதைக் காசில்லாமல் செய்தது. அடுத்து, அந்த ஆவியைச் சுமந்து போகக் காற்று வேண்டும். 80 டிகிரியில் உருளைக்குள் நுழைந்து 50, 55 டிகிரியில் வெளியேறும் ஒரு கிலோ காற்று சுமார் 11, 12 கிராம் நீரைத்தான் எடுத்துச் செல்லும். கணக்குப் போட்டால் 25 லிட்டருக்கு 1,900 கன மீட்டர் காற்று. நாற்பது நிமிடத்தில் உலர வேண்டுமானால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 47 கன மீட்டர். நான்கு மீட்டர் நீள அகலமும் மூன்று மீட்டர் உயரமும் கொண்ட அறையின் மொத்தக் காற்றும் நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே போகிறது என்று பொருள்.

போகிற காற்றுக்கு ஈடாக வெளியிலிருந்து காற்று வந்தாக வேண்டும். பெரும்பாலான அறைகளில் மறந்துபோவது இதைத்தான். புகைபோக்கிக் குழாய்க்கு ஆள் வைத்து அளவெடுப்பார்கள், காற்று நுழையும் வாய்க்கு யாரும் அளவெடுப்பதில்லை. கதவைச் சாத்தினால் அறைக்குள் காற்றழுத்தம் குறைகிறது, விசிறி திணறுகிறது, நாற்பது நிமிட வேலை ஒன்றே கால் மணி நேரம் ஆகிறது. கேஸில் ஓடும் டிரையராக இருந்தால் ஆபத்து இன்னும் பெரிது. சுடருக்குக் காற்றுப் போதாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். எரிந்த வாயு வெளியே போகாமல் அறைக்கே திரும்பும். கேஸ் டிரையரின் வெப்பத் திறனில் மணிக்கு ஒவ்வொரு 1,000 பிடியூவுக்கும் ஒரு சதுர அங்குலத் திறப்பு என்பது தயாரிப்பாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் அளவு. 2 லட்சம் பிடியூ இயந்திரத்துக்கு 200 சதுர அங்குலம். ஜன்னலில் லூவர் பட்டைகள் இருந்தால் அவை மறைக்கும் பரப்பைக் கழித்துவிட்டு எண்ண வேண்டும்.

சென்னையின் புழுக்கத்தில் இயந்திரம் எப்படி உலர்த்தும் என்று சிலருக்குச் சந்தேகம் வரும். 30 டிகிரியில் 75 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கும் கார்த்திகை மாதக் காற்றை 80 டிகிரிக்குச் சூடேற்றினால் அதன் ஒப்பு ஈரப்பதம் சுமார் 7 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. இயந்திரத்துக்கு நம் மழைக்காலம் பெரிய தடையல்ல. வெளியேற்றிய ஈரக் காற்றையே அது மறுபடி உறிஞ்சுவதுதான் தடை. வெளியேற்றும் வாயும் காற்று நுழையும் ஜன்னலும் ஒரே குறுகிய சந்தைப் பார்த்திருக்கும் கட்டடங்களில் இது நாள்தோறும் நடக்கிறது. தோபிகானாவில் கயிறுகளுக்கு நடுவே தாராளமாக இடைவெளி விட்டுக் கட்டுவார்கள்; ஒரு வரிசையின் ஈரம் அடுத்த வரிசையைத் தாக்கக் கூடாது என்பது அனுபவம் சொன்ன பாடம்.

இனி குழாய். காற்று மெதுவாகப் போனால் பருத்தி நூல்தூசி வழியிலேயே படியும்; அதனால் வினாடிக்கு 6 மீட்டருக்குக் குறையாத வேகம் வேண்டும். வேகத்துக்காகக் குழாயை ஒடுக்கினால் உராய்வு ஏறிவிடும். அதே அளவு காற்றை 40 செ.மீ. விட்டத்துக்குப் பதில் 30 செ.மீ. குழாயில் தள்ளினால் உராய்வு இழப்பு நான்கு மடங்குக்கும் மேல் கூடும். நாம் எடுத்துக்கொண்ட 50 கிலோ இயந்திரத்துக்கு 35 முதல் 40 செ.மீ. விட்டம் பொருத்தமாக இருக்கும். எல்போ எனப்படும் ஒவ்வொரு குழாய் வளைவும் பல அடி நேர்க்குழாய்க்குச் சமமான தடை. அமெரிக்க வீட்டுக் கட்டட விதிகள் சிறு டிரையருக்கு 35 அடிக் குழாயை அனுமதித்துவிட்டு, ஒவ்வொரு செங்குத்துத் திருப்பத்துக்கும் 5 அடியைக் கழிக்கின்றன. உள்பக்கம் வழவழப்பான உலோகக் குழாய்தான் வேண்டும், ஸ்க்ரூ முனை உள்ளே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, வெளிவாயில் வலை கூடாது என்பதும் அவற்றில் உண்டு. இங்கே புறாவுக்கும் எலிக்கும் பயந்து வாயில் கொசுவலை அடிப்பது வழக்கம். மூன்று வாரத்தில் அந்த வலை பஞ்சு மெத்தையாகிவிடும். புறா நுழையாமலிருக்கக் காற்று தள்ளும்போது மட்டும் திறக்கும் மடிப்புக் கதவு இருக்கிறது. வாயைக் கீழ்நோக்கித் திருப்பிவிட்டால் மழையும் புகாது.

ஆழ்வார்பேட்டை போன்ற இடத்துக்கே உரிய ஒரு சிக்கல் ஏசி. வெளியேறும் காற்று 33 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் அதிலுள்ள ஆவி நீராகிவிடும்; துணி நன்றாக நனைந்திருக்கும் தொடக்க நிமிடங்களில் அந்த எல்லை இன்னும் உயரத்தில் இருக்கும். 24 டிகிரியில் வைத்த வரவேற்பறையின் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே காப்பு உறையில்லாத தகரக் குழாயை ஓட்டினால் உள்ளே நீர் கோக்கும், அதில் தூசி ஒட்டும், காய்ந்து அடையாக இறுகும். அந்த அடை தீப்பிடிக்கக் கூடியது. குழாய்க்குக் காப்பு உறை போட்டு, நீர் வடியச் சற்றுச் சரிவு கொடுத்து, ஒவ்வொரு திருப்பத்திலும் கைவிட்டுச் சுத்தம் செய்யும் கதவு வைத்தால் பெரும்பாலான தொல்லை தீர்ந்துவிடும்.

தீ பற்றிய அச்சம் மிகையல்ல. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான ஆண்டுகளை ஆராய்ந்து, குடியிருப்புகளில் ஆண்டுக்குச் சுமார் 2,900 டிரையர் தீ விபத்துகள் நடந்ததாகக் கணித்தது. காரணங்களில் முதலிடம், 34 சதவீதம், சுத்தம் செய்யாமை. நம் ஊரில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆயுர்வேத நிலையங்களின் துண்டுகளில் நல்லெண்ணெய் ஊறியிருக்கும். சரியாகப் போகாத எண்ணெய் டிரையரின் சூட்டில் காற்றோடு வினைபுரியத் தொடங்கும். சூடு ஆறாமல் அடுக்கி வைத்தால் அடுக்கின் நடுவே வெப்பம் வெளியேற வழியின்றி ஏறிக்கொண்டே போய், மணிக்கணக்கில் கழித்து, ஆளில்லாத இரவில், தானாகவே பற்றிக்கொள்ளும். கடைசிப் பத்து நிமிடம் வெப்பமில்லாமல் வெறும் காற்றில் உருட்டும் நிலையைப் பாதியில் நிறுத்தி அவசரமாகத் துணியை எடுப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

மருத்துவமனையில் காற்றின் திசையும் முக்கியம். அழுக்குத் துணி வரும் பக்கத்திலிருந்து காற்று சுத்தமான பக்கத்துக்கு ஓடக் கூடாது. 71 டிகிரி வெந்நீரில் 25 நிமிடம் துவைத்து எடுத்த விரிப்பை, அழுக்கு மூட்டைகள் கிடக்கும் அறையின் காற்றால் உலர்த்தினால் செய்த வேலை வீண். விசை மிகுந்த டிரையர் பக்கத்து அறைகளின் காற்றையெல்லாம் தன் பக்கம் இழுக்கும் என்பதால், அதற்கென்று தனியே வெளிக்காற்று வரும் வழி இல்லாத இடத்தில் இந்தத் தவறு தானாகவே நேர்ந்துவிடுகிறது.

நிலத்தின் விலை இந்த வேலையையும் நகர எல்லைக்குத் தள்ளிக்கொண்டிருக்கிறது. ரயில்வே தன் ஏசி பெட்டிகளின் விரிப்புகளைப் பேசின் பிரிட்ஜின் இயந்திரச் சலவைக்கூடத்தில் வெளுக்கிறது. டிடிகே சாலையில் நாற்பதாண்டுக்கு மேல் நின்ற அடையாறு கேட் ஹோட்டல், பெயர்கள் பல மாறி, 2023 டிசம்பரில் மூடப்பட்டது. அந்த இடம் அடுக்கக வீடுகளுக்குப் போகிறது. ஹோட்டல்களும் மருத்துவமனைகளும் புறநகர்க் கூடங்களுக்குத் துணியை அனுப்பப் பழகிவிட்டன. ஆனாலும் உள்ளேயே டிரையர் வைத்துக்கொள்ளும் சிறு நிலையங்கள் குறையவில்லை. குழாயே தேவைப்படாத ஹீட் பம்ப் டிரையர்கள் ஈரத்தை உள்ளேயே நீராக்கி, அதில் கிடைக்கும் வெப்பத்தை மறுபடி பயன்படுத்துகின்றன. மின்சாரம் மிச்சம்தான். விலை கூடுதல், உலரும் நேரமும் கூடுதல்.

இந்த அறைகளில் நிற்பவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். துறையில் வேலை செய்த வண்ணாருக்கு முதுகு ஒடிந்தது, கை புண்ணானது. காற்றுக்கு மட்டும் பஞ்சமிருந்ததில்லை. இன்று எட்டு மணி நேரம் டிரையர் முன்னால் நின்று விரிப்பை உருவியெடுப்பவருக்கு அதுவும் இல்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் துவைப்பதையும் உற்பத்தி வேலைகளின் பட்டியலில் சேர்த்திருந்தது; அதன் 13ஆம் பிரிவு, வேலை நடக்கும் அறையில் புதிய காற்று சுழன்று வர வேண்டும், வெப்பம் உடலுக்குத் தாங்கும் அளவில் இருக்க வேண்டும் என்று கேட்டது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் படிக்கட்டு அறைகளை அந்தச் சட்டம் எட்டவில்லை. அங்கே டிரையருக்காகச் சுவரில் திறக்கும் 200 சதுர அங்குலம்தான் அந்தத் தொழிலாளிக்கும் மூச்சுவிடும் வழி. ஜன்னல் எந்தச் சுவரில், குழாய் எந்த மூலையில் மொட்டை மாடிக்கு ஏறும் என்பதை வரைபட அனுமதிக்குப் போகும் முன்பே கட்டடக் கலைஞர் குறித்துவிட்டால் அதற்கு ஆகும் செலவு சில ஆயிரம் செங்கல்லின் விலைக்கு மேல் போகாது.